கட்டட ஒப்பந்ததாரருக்குப் பிள்ளைப்பேற்று விடுப்பு: யாரிடம் கேட்பது, எப்படி எடுப்பது?

ரசமட்டம் | தஞ்சாவூர் | ஆகஸ்டு 2

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாகத் தனி வீடுகளைப் பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் எடுத்துக் கட்டிக் கொடுத்து வருகிறேன். ஒரு தலைமைக் கொத்தனார், நான்கு கொத்தனார்கள், ஆறேழு சித்தாள்கள், வேண்டும்போது வரும் சென்ட்ரிங் குழு, கம்பி கட்டும் குழு ஆகியோர்தான் என் நிறுவனம். இப்போது இரண்டு சைட்டுகள் நடக்கின்றன. ஒன்றில் பூச்சு வேலை. மற்றொன்றில் கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் விட்டத்தைத் தாண்டிச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு முதல் குழந்தை அக்டோபர் 28ஆம் தேதி பிறக்கும் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவருக்குச் சம்பளத்தோடு ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. அதற்கான விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, "உங்களுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டார். எனக்கு விடுப்புத் தரத்தான் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தேன். ஆனால், தீபாவளி, பொங்கல் நீங்கலாகத் தொடர்ந்து மூன்று நாள்கூட நான் சைட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது. சனிக்கிழமை கூலி என் கையால் போகிறது. ஹார்டுவேர் கடையில் கடன் என் பெயரில் ஓடுகிறது. வீடு கட்டக் கொடுத்த வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் என் எண்ணுக்குத்தான் அழைக்கிறார். இந்த நிலையில் பிள்ளை பிறக்கும்போது ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சொந்தத் தொழிலில் இருந்துகொண்டே இப்படி விடுப்பு எடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையமேஸ்திரி | கும்பகோணம் | ஆகஸ்டு 2

தம்பி, உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் என்பது நடவாத பேச்சு. முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். என் மூன்றாவது பிள்ளை பிறந்த செய்தி ஹார்டுவேர் கடைத் தொலைபேசிக்கு வந்து, அங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து சொன்னான். அப்போது பாதித் தளத்துக்கு மேல் கான்கிரீட் போட்டாகிவிட்டது. நடுவில் நிறுத்தினால் இணைப்பில் ஒழுகும் என்பதால், இரவு ஒன்பது மணிக்கு வேலையை முடித்து, சிமெண்டுக் காலோடு கடைசிப் பேருந்தைப் பிடித்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

மேலும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கப் போகிறது. அங்கே மாமியார் இருப்பார், பெரியம்மா இருப்பார், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார். மாப்பிள்ளை போய் ஒரு மாதம் திண்ணையில் உட்கார்ந்தால், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கும் அதே கைகள் அவருக்கும் கறிக்குழம்பு வைக்க வேண்டியிருக்கும். பிறந்த அன்று போய்ப் பாருங்கள், பதினாறாம் நாள் பெயர் வைக்கப் போங்கள், மற்ற நாளில் வேலையைப் பாருங்கள்.

ஊசியும்நூலும் | ஈரோடு | ஆகஸ்டு 3

பெரியவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதியைப் பிறகு மறுக்கிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்து, ஆரி வேலையும் செய்து கொடுக்கிறேன். நானும் ஒப்பந்ததாரர்தான், வைகாசி முகூர்த்தத்துக்கு ரவிக்கை வேண்டும் என்றால் வைகாசியில்தான் வேண்டும், ஆனியில் கொடுத்தால் அது துணி மட்டுமே. என் முதல் குழந்தை சித்திரைக் கடைசியில் பிறக்கும் என்று தெரிந்தும், "எப்படியாவது முடித்துக் கொடுத்துவிடலாம்" என்ற எண்ணத்தில் பதினொரு மணப்பெண் ரவிக்கைகளுக்கு முன்பணம் வாங்கி வைத்திருந்தேன். அறுவை சிகிச்சையில் பிறந்த குழந்தைக்கு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தபோது, மிதி தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை காலை அழுத்தும்போதும் அடிவயிற்றுத் தையல் இழுத்தது. மூன்றாம் நாள் காய்ச்சலோடு மருத்துவமனைக்குத் திரும்பினேன். ஏழு ரவிக்கைகளின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மூன்றைத் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து முடித்தேன்; ஒருவர் மட்டும் துணியை வாங்கிக்கொண்டு, பேசாமல் போனார். இன்றுவரை அவர் வரவில்லை.

ஆகவே என் முதல் அறிவுரை, விடுப்பு என்பது பிள்ளை பிறக்கும் நாளில் தொடங்குவதன்று. முன்பணத்தை வாங்காமல் விடும் நாளில்தான் தொடங்குகிறது. இரண்டாவது குழந்தையின்போது ஆறாம் மாதத்திலேயே வாசலில் பலகை எழுதி மாட்டினேன்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை புதுத் துணி வாங்குவதில்லை. வருமானம் குறைந்தது, வாடிக்கையாளர் குறையவில்லை.

கணக்குப்பிள்ளை | மதுரை | ஆகஸ்டு 3

சட்டப்படி என்ன கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சொல்வதற்கு அதிகமில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை செய்த பெண்களைக் கருதி எழுதப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வார விடுப்பை 26 வாரமாக்கியது. தனக்குத் தானே முதலாளியாக இருக்கும் பெண் அதில் வரமாட்டார். தந்தையருக்கோ, மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் துறை ஆண்களுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. உங்கள் மனைவிக்குக் கிடைக்கும் ஓராண்டு, 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசின் பெண் ஊழியர்களுக்கு நடைமுறையில் இருப்பது. ஈரோட்டுச் சகோதரி போன்றவர்களில் வருமானம் குறைந்தோருக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் உண்டு. அது சத்துணவுக்கு உதவுமே தவிர, நின்றுபோன வருமானத்தை ஈடுசெய்வதற்கானதன்று.

சட்டம் தராததைக் கணக்கிலாவது இழக்காமல் இருங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால், ஒரு பில்கூடப் போடாத மாதத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வேலை இல்லையே என்று விட்டால், விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்குக்கூட நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். தொடர்ந்து ஆறு மாதம் விட்டால் பதிவே ரத்தாகலாம். இத்தகைய வெற்று ரிட்டர்னைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாகவே தாக்கல் செய்ய வசதி இருக்கிறது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே செய்துவிடலாம். மொத்த வரவில் ஒரு பங்கை லாபமாகக் கொள்ளும் உத்தேச வருமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால் மார்ச் 15ஆம் தேதிக்குள் முன்வரி முழுவதையும் கட்ட வேண்டும் என்பதால், விடுப்புக்காகச் சேர்க்கும் பணத்தில் அதைக் கலந்துவிடாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு குறித்து ஒரு வரி: தனிநபர் பாலிசிகளில் பிரசவச் செலவுக்கு ஒன்பது மாதம் முதல் நான்காண்டுவரை காத்திருப்புக் காலம் உண்டு. ஆகவே இப்போது வாங்கும் பாலிசி இந்தப் பிரசவத்துக்கு உதவாது. கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பிக்மி எண்ணை மனைவி வாங்கிவிட்டாரா என்று பாருங்கள். அந்தப் பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய நேரிடும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்க ஓராண்டு அவகாசம் இருக்கிறது.

கடன்வீடு | திருச்சி | ஆகஸ்டு 4

நான் ஒப்பந்ததாரர் அல்லன். ஒப்பந்ததாரரிடம் வீடு கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன். எங்கள் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஒப்பந்ததாரர் திடீரெனப் பதினெட்டு நாள் காணாமல் போனார். கைப்பேசியை எடுக்கவில்லை. வங்கி கட்டக் கட்டமாகப் பணம் விடுவிக்கிறது. விடுவித்த தொகைக்கு வட்டி ஓடுகிறது. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஓடுகிறது. அவருக்கு இரட்டைக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்திருந்தன என்பதைக் கடைசியில் காவலாளி சொல்லித்தான் அறிந்தேன். கோபம் அத்தனையும் வடிந்துவிட்டது. ஆனால், முதல் நாளே ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் அந்தக் கோபமே வந்திருக்காது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த வாரம் எந்த வேலை நிற்கும், உங்கள் இடத்தில் தொலைபேசியை எடுப்பவர் யார், கடையில் பொருள் எடுக்கக் கையெழுத்திடுபவர் யார், இந்தத் தாமதத்தால் அடுத்த கட்டப் பணத்தை வங்கியிடம் எப்போது கேட்கலாம் என்ற நான்கு விவரங்கள் இருந்தால், நான் ஒரு மாதம் என்ன, ஆறு வாரம்கூடப் பொறுத்திருப்பேன்.

பழையமேஸ்திரி | கும்பகோணம் | ஆகஸ்டு 4

திருச்சிக்காரர் சொன்னது நியாயமான பேச்சு. தம்பி எப்படியும் போவது என்று தீர்மானித்துவிட்டதாகத் தெரிவதால், வேலையை எங்கே நிறுத்துவது என்றாவது சொல்கிறேன்.

எந்த வேலையையும் எந்த இடத்திலும் நிறுத்த முடியாது. லிண்டலுக்கு மேல் சுவரை மழையில் அரைகுறையாக விடக்கூடாது. கம்பி கட்டி முடித்துவிட்டுக் கான்கிரீட் போடாமல் மூன்று வாரம் விட்டால் கம்பி துருவேறும், சென்ட்ரிங் வாடகையும் ஏறும். நிறுத்துவதற்கென்றே அமைந்த ஓர் இடம் இருக்கிறதென்றால், அது தளம் போட்ட மறுநாள்தான். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டால் காவலாளியே பார்த்துக்கொள்வார். கீழே தளத்தைத் தாங்கும் முட்டு நிற்பதால் உள்வேலை எதுவும் செய்ய முடியாது. 4.5 மீட்டர் அகலம்வரை முட்டுகளை 7 நாளிலும், அதற்கு மேல் 14 நாளிலும் எடுக்கலாம் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. நான் எதுவானாலும் 21 நாள் விடுவேன். இந்த மூன்று வாரம்தான் உங்களுக்கு ஆண்டவன் கொடுக்கும் விடுமுறை. ஐப்பசி மழைக்கு முன்னால், அதாவது அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள், தளத்தைப் போட்டுவிடுங்கள்.

ஆனால் ஆள்களை மூன்று வாரம் சும்மா விட்டீர்களானால், அவர்கள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள், கூப்பிட்டால் வரமாட்டார்கள். நம்பிக்கையான இன்னொரு ஒப்பந்ததாரரிடம் ஆள்களோடு சேர்த்துப் பொறுப்பையும் ஒப்படையுங்கள். அவருக்கு ஒரு தேவை வரும்போது நீங்கள் திருப்பிச் செய்யுங்கள். மொய் மாதிரிதான், நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், திருப்பும்போது ஒரு நாளாவது கூட்டிச் செய்ய வேண்டும். மற்றுமொன்று: தளம் போட்டதற்கான தவணையை வாங்குங்கள், பூச்சு வேலைக்கான முன்பணத்தை மட்டும் போகும் முன் வாங்காதீர்கள். வேலை செய்யாத நாளில் கையில் இருக்கும் அடுத்தவர் பணம் பிரசவச் செலவில் கரைந்துவிடும்.

ஸ்கார்பரோமின்பணியாளர் | கனடா | ஆகஸ்டு 5

நான் டொராண்டோவில் சொந்தமாக மின்பணி ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்பவன், ஊர் யாழ்ப்பாணம். கனடாவில் நிலைமை வேறு என்றாலும், இதில் ஒரு பாடம் இருப்பதால் எழுதுகிறேன். இங்கே சுயதொழில் செய்பவர்கள் விரும்பினால் வேலைக் காப்புறுதியில் பதிந்து, தாய்க்கு 15 கிழமையும் (வாரமும்), அதன் பின்னர் பெற்றோர் இருவரும் பகிர்ந்தால் 40 கிழமை வரையும், சம்பாத்தியத்தின் 55 விழுக்காட்டை ஓர் உச்சவரம்புக்குள் பெறலாம். 2010 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் பதிந்து பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகுதான் கோர முடியும். ஒருமுறை பணம் பெற்றுவிட்டால், சுயதொழிலில் இருக்கும்வரை காப்புறுதிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மனைவி கருவுற்றிருப்பதாகச் சொன்ன கிழமைதான் நான் பதிவைப் பற்றி விசாரித்தேன். பன்னிரண்டு மாதம் என்றதும் வீடு திரும்பிவிட்டேன். பிள்ளை ஒன்பது மாதங்கூடக் காத்திருக்கவில்லை. அரசு உதவுகிற நாட்டிலும், சுயதொழில்காரன் கலியாணம் முடித்த அன்றே யோசித்திருக்க வேண்டும் போலும். முடிவில் நானும் உங்கள் கும்பகோணத்து ஐயா சொன்ன வழியில்தான், தெரிந்த ஒரு மின்பணியாளரிடம் என் வேலைகளை ஒப்படைத்து, மூன்று கிழமை வீட்டில் நின்றேன்.

ஊசியும்நூலும் | ஈரோடு | ஆகஸ்டு 5

இப்போது பெரியவரை மறுக்கும் மீதிப் பகுதிக்கு வருகிறேன். தாய்வீட்டில் மாப்பிள்ளைக்கு வேலையில்லை என்கிறார். அங்கே உண்மையாகவே வேலை குறைவுதான். ஆகவே, ரசமட்டம் அவர்களே, உங்கள் ஒரு மாதத்தை இரண்டாகப் பிரியுங்கள். பிறந்தவுடன் பத்து நாள் போதும். மற்ற இருபது நாளை, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ உங்கள் மனைவி குழந்தையோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது எடுங்கள்.

அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தாய்வீட்டில் நாலு கைகள் மாறி மாறி ஏந்திய குழந்தை, திரும்பி வந்த முதல் இரவில் ஒரே கைக்கு வந்துவிடுகிறது. குளிப்பாட்டப் பாட்டி இல்லை. சாம்பிராணி போட ஆளில்லை. தாய் கழிவறைக்குப் போனால் தூளியை ஆட்டவும் ஆளில்லை. என் கணவர் நான் தாய்வீட்டில் இருந்தபோது ஞாயிறுதோறும் ஆப்பிளோடு வந்து பார்த்தார். நான் திரும்பி வந்த வாரத்தில், கடையில் கணக்கு முடிக்கும் நாள்கள் என்று இரவு பதினொரு மணிக்கு வந்தார். எனக்கு நினைவிருப்பது ஆப்பிள் அன்று.

ரசமட்டம் | தஞ்சாவூர் | ஆகஸ்டு 6

சகோதரி எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அவர் சொல்வதுதான் சரி" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இதில் சிக்கல் என்னவென்றால், அக்டோபர் கடைசியில் பிறந்தால் மூன்றாம் மாதம் தை மாதத்தில் வரும். தொழிலில் இருப்பவர்களுக்குத் தை என்றால் என்ன என்று தெரியும். மார்கழி முழுவதும் அடக்கி வைத்திருந்த பூமி பூஜை அத்தனையும் அப்போதுதான் வரும். ஐப்பசி மழையில் பத்து நாள் விடுவது ஒரு பொருட்டே அன்று. தையில் இருபது நாள் விடுவது ஒரு வீட்டையே விடுவதாகும். இருப்பினும் யோசிக்கிறேன்.

நாற்பதாம்நாள் | சென்னை | ஆகஸ்டு 6

எல்லோரும் ஒப்பந்ததாரரின் விடுப்பைப் பற்றிப் பேசுகிறோம். அவரிடம் வேலை செய்யும் ஆறேழு சித்தாள்களில் ஒருவர் கருவுற்றால் என்ன நடக்கிறது என்று கேட்கலாமா? அவருக்கும் நாள்கூலிதான், வராத நாளுக்குக் கூலியில்லை. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. ஆறு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மரக்கிளைதான் அந்த அறை. இது குற்றச்சாட்டு அன்று, தலைப்புக்கு உட்பட்ட கேள்வி என்றே கருதுகிறேன்.

ரசமட்டம் | தஞ்சாவூர் | ஆகஸ்டு 7

கேள்வி நியாயமானது, பதில் எனக்குப் பெருமை தருவதாக இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பு எங்களிடம் வேலை செய்த ஒருவர் எட்டாம் மாதம்வரை மணல் சலித்தார். குழந்தையோடு ஐம்பதாம் நாள் வந்து, புங்க மரத்தில் பழைய சேலையால் தூளி கட்டினார். நான் அன்று செய்த ஒரே உதவி, கலவை மெஷினைத் தூளியிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னதுதான். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் அவருக்கு மகப்பேறு உதவித்தொகை கிடைத்திருக்கும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது என்னிடம் இருக்கும் பெண்களில் இருவர் பதியவில்லை. ஆவணி பிறப்பதற்குள் பதிய வைக்கிறேன்.

ரசமட்டம் | தஞ்சாவூர் | பிப்ரவரி 11

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தை, பெண், அக்டோபர் 19ஆம் தேதியே வந்துவிட்டாள். பெரியவர் சொன்ன இரண்டாம் வாரத்துக்குள் தளம் போட முடியவில்லை. நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டது. கம்பி கட்டி, மறுநாள் காலை கான்கிரீட் என்று ஜல்லியும் எம்-சாண்டும் வந்து இறங்கிய மாலையில் மாமனாரிடமிருந்து அழைப்பு வந்தது. முன்கூட்டியே பேசி வைத்திருந்த நண்பர், வல்லத்தில் வேலை எடுத்துச் செய்பவர், "சாவியையும் வரைபடத்தையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்" என்றார். நான் அறந்தாங்கியில் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது என் தளத்தை அவர் போட்டார். காலை 10.40க்குக் குழந்தை பிறந்தது, 10.55க்கு முதல் அறை நிரம்பிய படத்தை அவர் அனுப்பினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

பதினோரு நாள் அங்கே இருந்தேன். கைப்பேசியை எடுக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். ஒரு நாளைக்கு மாலை ஆறு முதல் ஆறரை வரை மட்டும் பேசுவதென்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் திருச்சி நண்பர் சொன்ன நான்கு விவரங்களையும் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்திருந்ததால், அவர் வாழ்த்துச் சொல்ல ஒரே ஒரு முறைதான் அழைத்தார்.

தையில் வரவிருந்த இரண்டு வீடுகளில் ஒன்றை விட்டுவிட்டேன். மற்றவரிடம் பூமி பூஜையைத் தை முதல் வாரத்தில் முடித்துவிட்டு, கடைக்கால் தோண்டுவதைப் பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, காரணத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே சம்மதித்தார். மனைவியும் மகளும் ஜனவரி 18ஆம் தேதி வந்தார்கள். ஈரோட்டுச் சகோதரிக்கு: அந்த முதல் வாரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது குறைவு. இப்போது காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்குத் தெரியும். தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை மட்டம் பார்த்து வைத்துக்கொண்டால் கண்ணில் நீர் வழியாது.

ஒரு குறை நேர்ந்தது. நான் இல்லாத அன்று, கிழக்குப் படுக்கையறையில், மின்விசிறி மாட்டத் தளத்துக்குள் பதிக்கும் ஃபேன் பெட்டி வைக்காமலேயே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். முட்டுப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. அது முந்தின மாலையே நான் சரிபார்த்திருக்க வேண்டியது. தளத்தில் துளையிட்டு ஆங்கர் கொக்கி பொருத்திக் கொடுத்தேன், செலவு என்னுடையது.

பழையமேஸ்திரி | கும்பகோணம் | பிப்ரவரி 11

பிள்ளைக்கு என் ஆசிகள். ஃபேன் பெட்டியை நீங்கள் இருந்திருந்தாலும் மறந்திருப்பார்கள். நான் இருந்தே இரண்டு முறை மறந்திருக்கிறேன். வல்லத்து நண்பரின் கணக்கை நோட்டில் எழுதினீர்களா?

ரசமட்டம் | தஞ்சாவூர் | பிப்ரவரி 12

எழுதிவிட்டேன், ஐயா. பங்குனியில் அவருடைய தங்கைக்குத் திருமணம். பதினோரு நாளுக்குப் பன்னிரண்டாக அவருடைய சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு தளம் வருகிறது.